ஒரே இடத்தை நாற்பது தடவை கேட்கிற பிள்ளை

சேலம் அம்மாப்பேட்டையில் எட்டுத் தறி ஓட்டும் குடும்பம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணினி அறிவியல் குரூப். ஏழு வயதிலிருந்து பாட்டு கற்கிறாள். சென்ற ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கென்று தெருக்காரர்கள் காசு போட்டு, ஒரு ஸ்டுடியோவில் அவளை அம்மன் பாட்டு பாட வைத்திருக்கிறார்கள். அவள் குரலின் சுருதியை ஸ்டுடியோக்காரர் கணினியில் திருத்திக் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்ட தாய்மாமன், "இதுல பாப்பா எங்க பாடியிருக்கா? மெஷின்தானே பாடுது? இனி யார் வேணா பாடிடலாம் மாமா, பேசாம ஏ.ஐ. படிப்புல ஒரு சீட் வாங்கிடுங்க" என்றாராம். அன்றிலிருந்து அந்தப் பெண் வாய் திறந்து பாடவில்லை. தகப்பனார் எழுதிக் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. மெஷின் பாடுகிற காலத்தில் குரலுக்கு இனி மதிப்பு உண்டா? மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிடலாமா?

ஐயா, பாப்பா மறுபடி பாடுவாள். பாடச் சொல்லி நச்சரிக்காமல் இருந்தாலே போதும். ஆறுதல் இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்கள் வீட்டில் நடக்கிற பேச்சுக்கு எதிராகத்தான் சொல்லப் போகிறேன்.

நீங்கள் குறையாக எழுதியிருக்கிற ஒரு வரியை மறுபடி படித்துப் பாருங்கள். "அந்தப் பாட்டுல ஒரே இடத்தையே நாற்பது தடவை போட்டுக் கேக்குறா, 'தாயே'ங்கிற வார்த்தையில என் குரல் இல்லை, படிக்கட்டு மாதிரி இருக்குங்குறா." தாய்மாமன் முழுப் பாட்டையும் மெஷின் என்றார். உங்கள் மகள் ஒரு பாட்டுக்குள் ஒரு வார்த்தையைத் தொட்டுக் காட்டி, பழுது என்னவென்றும் சொல்லிவிட்டாள். ஸ்டுடியோவில் கணினிக்கு முன் உட்காருகிறவரிடம் முதலில் இருக்க வேண்டியது இந்தக் காதுதான். குரல் கூட அப்புறம்தான்.

அவள் சொன்ன படிக்கட்டு உண்மையிலேயே அங்கே இருக்கிறது. 'தாயே' வருகிற இடம் பாட்டுக்கு முன் தாளமில்லாமல் பாடும் விருத்தம், ராகம் தோடி என்று எழுதியிருக்கிறீர்கள். தோடியில் காந்தாரம் (க) ஒரே இடத்தில் நிற்கிற சுரம் இல்லை, ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே அசைந்துகொண்டே இருப்பது. அந்த அசைவை எடுத்துவிட்டால் தோடி இல்லை. சுருதி திருத்தும் ஆட்டோ-ட்யூன் போன்ற மென்பொருள் பார்ப்பது வேறு. ஒரு ஸ்தாயியை, அதாவது ச-விலிருந்து மேல் ச வரைக்கும், பன்னிரண்டு படியாகவும், ஒவ்வொரு படியையும் 100 சென்ட் என்ற சுருதி அளவாகவும் வைத்துக்கொண்டு, வருகிற குரல் எந்தப் படிக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே இழுத்து நிறுத்தும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால், வழுக்கி ஏறுகிற குரல் படி படியாக வெட்டுப்படும். பன்னிரண்டு படியையும் திறந்தே விட்டிருந்தால் இன்னும் மோசம்: ரிஷபத்திலிருந்து மத்யமத்துக்குப் போகிற வழியில் தோடியில் இல்லாத சதுச்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் முளைத்துவிடும். உங்கள் மகள் கேட்டது அதைத்தான்.

அந்த ஸ்டுடியோக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் செய்தது வழக்கமான வேலை, சினிமாப் பாட்டில் பெரும்பாலும் சரியாகவே வரும். மென்பொருளைத் திறந்ததும் அது ச-வை எங்கே வைத்திருக்கிறதோ அப்படியே விட்டிருப்பார். பாப்பா பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை. அதைச் சொல்லிக் கொடுத்து, ராகத்தின் ஏழு சுரம் தவிர மற்றதை அணைத்து, இழுக்கும் வேகத்தைக் குறைத்து, விருத்தத்தைத் தொடாமலே விட்டிருந்தால் பாட்டு பிழைத்திருக்கும். இதற்குத் தேவை கணினி அறிவு கால் பங்கு, ராகம் தெரிந்த காது முக்கால் பங்கு. நம் பக்கத்தில் இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

இனி தாய்மாமனின் வாதம். "இனி யார் வேணா பாடிடலாம்." முடியாது. பன்னிரண்டு படியும் திறந்திருக்க, ஒருவர் காந்தாரத்தை 60 சென்ட் இறக்கிப் பாடினால், மெஷினுக்கு அது கீழே இருக்கும் சுரத்துக்குத்தான் பக்கம். ஆகவே தப்பான சுரத்தில் கொண்டுபோய் அழகாக நிறுத்தும். மூச்சு தீர்ந்து வரியின் கடைசி எழுத்து விழுங்கப்பட்டால் அதைக் கொண்டுவர வழி இல்லை. ழ-வும் ள-வும் ஒன்றாகிப் போனால் திருத்த வழி இல்லை. கிசுகிசுப்பாகப் பாடும்போதோ பக்கத்தில் வேறு சத்தம் கேட்கும்போதோ சுருதியையே தப்பாகப் படித்து, ஒரு ஸ்தாயி மேலே தூக்கி எறிந்துவிடும். ஆட்டோ-ட்யூன் 1997-இல் வந்தது. செய்தவர் ஆண்டி ஹில்டபிராண்ட், பூமிக்குள் ஒலியலை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து எண்ணெய் இருக்கும் இடம் தேடுகிற கணக்கில் தேர்ந்தவர். மறுவருடமே ஷெர் என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டில் அந்த இழுப்பை வேண்டுமென்றே உச்சத்துக்குக் கொண்டுபோய், இயந்திரக் குரல் மாதிரி ஒலிக்கவிட்டார்கள். உலகம் முழுக்க அந்த ஒலி பரவியது. பாட வராதவரைப் பாடகர் ஆக்கியதாக அல்ல, ஒரு புது வாத்தியமாக.

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினமும் கடக்கிற ஊர் நம்முடையது. அங்கே எடுத்த படங்களில் நடிகர் வாயசைக்க வேறொருவர் பாடியதை நம் பாட்டனார் காலத்திலிருந்து யாரும் பொய் என்று தள்ளவில்லை. மைக் வந்ததால்தான் மெல்லிய குரல்காரரும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டார்கள். கருவி புதிதாக வரும்போதெல்லாம் ஒரு திறமை விலை குறையும், இன்னொன்று விலை ஏறும். இப்போது விலை குறைந்திருப்பது, சுருதி பிசகாமல் மட்டும் பாடுகிற திறமை. மறைக்க வேண்டியதில்லை, அதை மட்டும் நம்பி ஒரு பிள்ளையைச் சினிமாவுக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன்.

மேனேஜ்மென்ட் சீட் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதிய கணக்கு நான்கு வருடத்துக்கு 8 லட்சம், அதில் 5 லட்சம் கடன். வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்தால், 7 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,400 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி இதில் சேரவில்லை. எட்டுத் தறியில் எத்தனை தறியின் கூலி இதற்குப் போகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். கணக்குப் பாடத்தில் அரையாண்டுத் தேர்வில் 48 வாங்கிய பிள்ளை, கணக்கே அடித்தளமான ஒரு படிப்பில், கடனோடு உட்காரப் போகிறாள். தாய்மாமன் நல்லெண்ணத்தில் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப் போவது அவர் இல்லை. இந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அதே சூட்டில் லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோவிலும் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். பளபளப்பான ஸ்டுடியோ அறையைக் காட்டிப் பணம் வாங்குவார்கள். ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாக அந்த ஸ்டுடியோ மேஜையில் உட்காரலாம் என்று கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும்.

நம் வீடுகளில் யாரும் பேசாத வழி ஒன்று இருக்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு நான்கு வருடப் பட்டப்படிப்பு. இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பொறியியல் கலந்தாய்வில் இது வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. இடங்கள் மிகக் குறைவு. கட்டணம் அரசு நிறுவனக் கட்டணம். உங்களுக்குச் செலவு வைப்பது சென்னையில் தங்குவதும் சாப்பாடும்தான். பாப்பா இயற்பியல் படித்திருக்கிறாள், அது இங்கே வீண் போகாது: அலை, அதிர்வெண், எதிரொலி எல்லாம் அன்றாடப் பேச்சாகிவிடும். இந்த வருடம் கிடைக்காவிட்டால் நம் சேலம் அரசு இசைப்பள்ளியில் குரலிசை படித்துக்கொண்டே அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கட்டும். வீட்டுக்கு அது பெரிய செலவில்லை, ராகக் காதும் கூர்மையாகும்.

இது பாப்பாவுக்கு ஒத்து வருமா என்று ஆறு வாரத்தில் பார்த்துவிடலாம். முதல் இரண்டு வாரம் ஒரு ரூபாய் செலவு வேண்டாம். கைபேசியில் சுருதிப்பெட்டியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு இன்னொரு கைபேசியில் பாடிப் பதியட்டும், சரளி வரிசை போதும். வீட்டு லேப்டாப்பில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை இறக்குங்கள். 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அதோடு வரும் ரீட்யூன் என்ற கருவி, பாடிய சுருதியைக் கோடாக வரைந்து காட்டும். திருத்த விடாதீர்கள். முதலில் கண்ணை மூடிக் கேட்டு, எங்கே இறங்கியது, எங்கே ஏறியது என்று நோட்டில் எழுதட்டும். அப்புறம் கோட்டைப் பார்க்கட்டும். காதும் கோடும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது என்பதுதான் பரீட்சை.

அதற்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் மட்டும் கருவி வாங்குங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கிற, இரண்டு வழி கொண்ட யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், காதை முழுக்க மூடுகிற ஹெட்போன், ஸ்டாண்டு, வாய்க்காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கிற பாப் ஃபில்டர். எல்லாம் சேர்ந்து 30,000 ரூபாய்க்குள் முடியும். அதைத் தாண்டி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டில் தறிச் சத்தம் பெரிய தொந்தரவு. அடியில் கேட்கும் அதிர்வை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி எடுத்துவிடலாம். நாடா அடிக்கிற சத்தத்தை எடுக்க முடியாது, அது குரல் இருக்கும் இடமெல்லாம் பரவி நிற்கும், சுருதி திருத்தும் மென்பொருளையும் குழப்பும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாள் உங்களுக்கு நஷ்டம். பாப்பாவுக்கு அதுதான் பதிவு நாள். தெருவே அமைதியாக இருக்கும். லேப்டாப் பேட்டரியிலேயே இன்டர்ஃபேஸ் ஓடும், மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதுவே கொடுக்கும். நூல் மூட்டைகளை பாடுகிறவள் முதுகுக்குப் பின்னால் அடுக்குங்கள், மைக்குக்குப் பின்னால் அல்ல. இந்த வகை மைக் தனக்கு எதிரே இருப்பதைத்தான் கேட்கும், அதாவது பாடுகிறவளையும் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியை நூல் குடித்துவிடும். வாயிலிருந்து மைக் ஒரு சாண், பாப் ஃபில்டர் நடுவே. சத்தமான இடத்திலும் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டிக் கிழிந்த குரலை எந்த மென்பொருளாலும் தைக்க முடியாது.

ஒரே பல்லவியை ஐந்து முறை பாடிப் பதியட்டும். ஐந்திலிருந்தும் நல்ல வார்த்தைகளை எடுத்து ஒன்றாகக் கோக்க வேண்டும், ஸ்டுடியோவில் இதற்குக் காம்ப் என்று பெயர். இணைக்கும் இடத்தில் 10 மில்லி செகண்ட் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் வெட்டுச் சத்தம் வராது. புதிதாகச் செய்கிறவர்கள் மூச்சுச் சத்தத்தை முழுக்க வெட்டிவிடுவார்கள், பாடுகிறவள் மூச்சே விடாத பொம்மை ஆகிவிடுவாள். வெட்டாமல் 6 டெசிபல் குறைத்தால் போதும். அதன் பிறகு அவள் மூன்றே இடத்தைத் திருத்தட்டும், மூன்றுக்கு மேல் கூடாது. மெலோடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளுக்கு 30 நாள் சோதனைக் காலம் உண்டு. அதில் ஒரு சுரத்தின் நடுப்புள்ளியை மட்டும் நகர்த்திவிட்டு, உள்ளே இருக்கும் அசைவை அப்படியே விடலாம். கமகம் என்கிற அந்த அசைவைத் துண்டு துண்டாக வெட்டாமல், முழு அசைவையும் ஒரே துண்டாக வைத்து நகர்த்த வேண்டும். அந்தத் 'தாயே'யை அவளே மறுபடி பாடி, அவளே திருத்தி, எங்கே கை வைத்தாள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் செய்தால், அவள் இந்தத் தொழிலின் கடினமான பகுதியைத் தொட்டுவிட்டாள்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். பாட்டு எடிட்டிங், டப்பிங் எடிட்டிங், படத்தின் இறுதி ஒலிக்கலவையில் உதவியாளர், மேடை நிகழ்ச்சி ஒலி. முதல் இரண்டு வருடம் சம்பளம் சென்னை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். இரவு வேலை உண்டு. சேருமுன் நேரமும் திரும்பி வர வண்டியும் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்பிள்ளை என்பதற்காக இதைக் கேட்கத் தயங்க வேண்டாம், ஆண்பிள்ளையும் கேட்க வேண்டியதுதான்.

குரலை மாதிரி எடுத்து வேறு பாட்டில் போடுகிற நுட்பமும் வந்துவிட்டது. மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரலை 2024-இல் ஏ.ஆர்.ரகுமான் அப்படிப் பயன்படுத்தினார், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அதற்குப் பணமும் கொடுத்து. மெஷினுக்கும் ஒரு மனிதக் குரல் வேண்டியிருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. ஆகவே பாப்பா எங்கே பாடினாலும், குரலை வேறு எதற்கும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி தேவை என்று ஒரு வரி இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்த மின்நிறுத்த நாள் எப்போதென்று பார்த்து வையுங்கள். அன்று பதிந்ததில் மூன்று கோப்பு கொண்டுவாருங்கள்: திருத்தாதது, அவள் திருத்தியது, அந்த ஸ்டுடியோ திருத்தியது. தாய்மாமனையும் அழைத்து வாருங்கள். எது எது என்று சொல்லாமல் மூன்றையும் அவருக்குப் போட்டுக் காட்டுவோம். கல்லூரிக்கு முன்பணம் மட்டும் அதுவரை கட்ட வேண்டாம்.