இரேனியஸ் யார் பக்கம்? ஆதித் திருச்சபையில் வேதாகமமும் அப்போஸ்தலப் பாரம்பரியமும்

கேள்வி இதுதான்: "ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு வேதாகமம் பெரியதா, அப்போஸ்தலப் பாரம்பரியம் பெரியதா? இரேனியஸ் பாரம்பரியத்தையே ஆதாரமாகக் கொண்டார் என்று என் கத்தோலிக்க நண்பர் சொல்கிறார். வேதவசனத்தையே ஆதாரமாகக் கொண்டார் என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார். யார் சொல்வது சரி?"

இருவரும் சொல்வது இரண்டாம் நூற்றாண்டின் பேராயரான இரேனியஸின் நூலில் இருக்கிறது. ஆனால் இருவருமே அவரைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். உங்கள் பாஸ்டரின் பக்கத்து நியாயத்தைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வந்தவன். இரேனியஸை முழுமையாக வாசித்த பிறகு எனக்குப் பட்டது என்னவென்றால், "எது பெரியது" என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை என்பதுதான். அந்தக் கேள்வி 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகளுக்கும் ரோமாபுரித் திருச்சபைக்கும் இடையே எழுந்து, 1546இல் கத்தோலிக்கப் பேராயர்கள் கூடிய திரெந்துச் சங்கத்தின் தீர்மானத்தில் கூர்மையடைந்தது. இரண்டாம் நூற்றாண்டில் மக்களை அலைக்கழித்த கேள்வி வேறு: அப்போஸ்தலர்கள் உண்மையில் என்ன போதித்தார்கள், அது யாரிடம் இருக்கிறது என்பதே அது.

முதலில் பவுலைப் பார்ப்போம். கொரிந்து சபைக்கு ஏறத்தாழ கி.பி. 55இல் எழுதிய நிருபத்தில் அவர், "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும் என்னவென்றால், கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, வேதவாக்கியங்களின்படி மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்து" என்கிறார். அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்துப்படி அப்போது நான்கு சுவிசேஷங்களில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. ஆகவே பவுல் ஒப்புவித்தது வாய்மொழியாக வந்த செய்திதான். ஆனால் அந்த வாய்மொழிச் செய்திக்குள்ளேயே "வேதவாக்கியங்களின்படி" என்ற சொற்கள் இரண்டு முறை வருகின்றன. பாரம்பரியம் பிறக்கும்போதே நியாயப்பிரமாணத்தையும் தீர்க்கதரிசிகளையும் சங்கீதங்களையும் பற்றிக்கொண்டுதான் பிறந்தது. மாற்கு 7இல் இயேசு கண்டித்த மனுஷருடைய பாரம்பரியமும், 2 தெசலோனிக்கேயர் 2:15இல் பவுல் கைக்கொள்ளச் சொன்ன போதனையும் ஒன்றல்ல என்பதைப் பெரும்பாலான வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்பதால் அதில் நான் நிற்கப் போவதில்லை.

அடுத்த இரண்டு தலைமுறைகளில் எழுத்தும் குரலும் அருகருகே ஓடின. எராப்போலியின் பேராயரான பாப்பியாஸ், நூல்களிலிருந்து வருவதைவிட உயிருள்ள குரலிலிருந்து வருவதே தமக்கு அதிகப் பயன் தரும் என்று கருதியதாக எழுதியிருக்கிறார். ஆனால் மாற்கு தம் சுவிசேஷத்தைப் பேதுருவின் போதனையிலிருந்து எழுதினார் என்ற செய்தியையும் அவரேதான் நமக்குத் தந்திருக்கிறார். ஏறத்தாழ 155இல் ரோமாபுரியிலிருந்து எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்பட்டன என்றும், பிறகு சபைத் தலைவர் அவற்றின்படி நடக்கும்படி புத்தி சொன்னார் என்றும் விவரிக்கிறார். சொந்தமாகப் பிரதி வைத்துக்கொள்ள வசதியில்லாத, எழுத்தறியாத பெரும்பான்மையோருக்கு வேதமும் பாரம்பரியமும் ஒரே கூட்டத்தில், ஒரே காதின் வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

இப்போது இரேனியஸ். இவர் இன்றைய துருக்கியில் உள்ள சிறிய ஆசியாவைச் சேர்ந்தவர். இளவயதில் சிமிர்னாவில் அந்நகரப் பேராயர் பொலிகார்ப்பைக் கண்டவர். 177ஆம் ஆண்டின் துன்புறுத்தலில் முதிய பேராயர் பொத்தினஸ் மரித்த பின் இன்றைய பிரான்ஸில் உள்ள லியோன் நகரத்துக்குப் பேராயரானவர். ஏறத்தாழ 180இல் வேதப்புரட்டுகளுக்கு எதிராக ஐந்து பாகங்கள் கொண்ட நூலை எழுதினார். அவர் எதிர்த்தவர்களில் முக்கியமானோர் வாலண்டினஸ் என்ற போதகரின் வழிவந்த நாஸ்டிக் குழுவினர், அதாவது மறைவான ஞானத்தால்தான் இரட்சிப்பு என்று போதித்தவர்கள். இங்கே பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. இரகசியப் பாரம்பரியம் தங்களிடம் இருப்பதாக உரிமை கொண்டாடியவர்கள் நாஸ்டிக் குழுவினர்தான். வாலண்டினஸ், பவுலின் சீடரான தியூதாஸ் என்பவரிடம் கற்றதாக அவருடைய ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள் என்று அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து பதிவு செய்திருக்கிறார். அதே குழுவைச் சேர்ந்த தொலெமி, புளோரா என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், வாரிசு முறையில் தாங்கள் பெற்ற அப்போஸ்தலப் பாரம்பரியம் என்றே பேசுகிறார். ஆக, பாரம்பரியம் என்ற வாதம் திருச்சபையின் தனிச் சொத்தாக இருக்கவில்லை. அதை எதிராளியின் கையிலும் கண்டதால்தான் இரேனியஸ் அதைப் பற்றி அவ்வளவு கவனமாக எழுத வேண்டியிருந்தது.

அவர் எடுத்துக்காட்டும் சிக்கல் இப்படி. வேதத்தைக் காட்டி இவர்களை மறுத்தால், பாரம்பரியம் தெரியாதவர்களுக்கு வேதம் விளங்காது, உண்மை எழுத்தில் அல்ல, வாய்மொழியாகவே ஒப்புவிக்கப்பட்டது என்கிறார்கள். சபைகளில் காக்கப்பட்டு வரும் அப்போஸ்தலப் பாரம்பரியத்தைக் காட்டினால், மூப்பர்களைவிட, ஏன், அப்போஸ்தலர்களைவிடத் தாங்களே ஞானிகள் என்கிறார்கள். கடைசியில் இவர்கள் வேதத்துக்கும் உடன்படுவதில்லை, பாரம்பரியத்துக்கும் உடன்படுவதில்லை என்று மூன்றாம் பாகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் முடிக்கிறார். உங்கள் நண்பரும் பாஸ்டரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டிய பக்கம் இது என்பேன்.

இதற்கு அவர் தரும் பதில் சபைகளின் பேராயர் வரிசை. ரோமாபுரியில் லீனஸ் தொடங்கி தம் காலத்து எலுத்தேரியஸ் வரை பன்னிரண்டு பேரைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். உங்கள் நண்பர் மேற்கோள் காட்டுவது இந்த இடமாகத்தான் இருக்கும். ரோமாபுரிச் சபையோடு மற்றச் சபைகள் ஒத்திருப்பதைப் பற்றி அங்கே வரும் வாக்கியத்துக்குக் கிரேக்க மூலம் கிடைக்கவில்லை. லத்தீன் மொழிபெயர்ப்பு மட்டுமே இருப்பதால் அதன் பொருள் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வரிசையை ஏன் அடுக்குகிறார் என்பதில் குழப்பமே இல்லை. அப்போஸ்தலர்களுக்கு மறைவான இரகசியங்கள் தெரிந்திருந்து, அவற்றைத் தேறினவர்களுக்கு மட்டும் தனியே போதித்திருந்தால், தாங்கள் சபைகளையே ஒப்படைத்த ஆட்களுக்கு அல்லவா அவற்றை முதலில் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கிறார். அந்த ஆட்கள் யார் யார் என்பது ஊருக்கே தெரியும். அவர்கள் போதித்தது எல்லோருக்கும் முன்பாகப் போதிக்கப்பட்டது. அதில் இந்த இரகசியங்கள் எதுவும் இல்லை. அதாவது, பேராயர் வரிசை அவருக்கு வெளிப்படைத்தன்மைக்கான சாட்சி. பிற்காலத்தில், எழுதப்படாத புதிய போதனைகளுக்கு ஆதரவாக இந்த வரிசையைக் காட்டுவோர், இரேனியஸ் அதை நேர் எதிரான காரியத்துக்காகக் காட்டினார் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இத்தோடு அவர் நிற்கவும் இல்லை. மூன்றாம் பாகத்தின் முதல் அதிகாரத்தில், அப்போஸ்தலர்கள் முதலில் வாயால் பிரசங்கித்ததையே பின்னர் தேவனுடைய சித்தத்தின்படி எழுத்தில் ஒப்புவித்தார்கள் என்றும், அது நம் விசுவாசத்தின் தூணும் ஆதாரமுமாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். நான்கு அதிகாரங்களில் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசிவிட்டு, ஐந்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், இனி வேதச் சான்றுகளுக்குத் திரும்புவோம் என்கிறார். அதற்குப் பிறகு நூலின் முடிவு வரை பெரும்பாலும் வேத விளக்கம்தான். நான்கு அதிகாரங்களைப் பிடித்துக்கொண்டு மீதியை விடுவதும், மீதியைப் பிடித்துக்கொண்டு நான்கை விடுவதும் அவருக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் பாஸ்டர் விட்டுவிடும் பகுதி முதல் பாகத்தில் இருக்கிறது. தேர்ந்த கலைஞன் ஒருவன் மணிக்கற்களைப் பதித்து ஓர் அரசனின் உருவத்தைச் செய்து வைத்திருக்க, வேறொருவன் வந்து அதே கற்களைப் பெயர்த்து ஒரு நாயின் அல்லது நரியின் உருவமாக மோசமாக அடுக்கிவிட்டு, இதுதான் அந்த அரசனின் உருவம் என்று சாதித்தால் எப்படியோ, அப்படித்தான் இவர்கள் வேதவசனங்களைக் கையாளுகிறார்கள் என்கிறார் இரேனியஸ். கற்கள் அசல்தான், வசனங்களும் அசல்தான். வசன எண் காட்டுவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வாசித்ததில்லை. சரியான அடுக்கு எது என்பதை விசுவாசி எப்படி அறிவான்? ஞானஸ்நானத்தில் அவன் பெற்றுக்கொண்ட சத்திய அளவுகோலைக் கொண்டு அறிவான் என்பது அவர் பதில். வானத்தையும் பூமியையும் படைத்த ஒரே பிதா, நம் இரட்சிப்புக்காக மாம்சமான ஒரே கிறிஸ்து, தீர்க்கதரிசிகள் வழியாகப் பேசின பரிசுத்த ஆவி, கன்னியிடம் பிறப்பு, பாடு, உயிர்த்தெழுதல், பரமேறுதல், மீண்டும் வருதல் என்று அதன் உள்ளடக்கத்தையும் தருகிறார். ஞாயிறுதோறும் நம் ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்கு இது நெருங்கிய உறவு. இதில் வேதத்துக்கு வெளியே உள்ள வரி ஒன்றுகூட இல்லை; ஆனால் வேதத்தை எந்த ஒழுங்கில் வாசிக்க வேண்டும் என்பதைச் சபை பொதுவில் கையளித்து வந்தது. எழுதப்பட்ட நூல்கள் இல்லாத அந்நிய மொழி மக்கள்கூட, தாளும் மையும் இல்லாமல் இருதயத்தில் எழுதப்பட்ட இந்த விசுவாசத்தைக் காத்து வந்தார்கள் என்று அவர் சொல்வது இதைத்தான்.

இளவயது நண்பரான புளோரினஸுக்கு இரேனியஸ் எழுதிய ஒரு கடிதத்தின் பகுதியைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் காப்பாற்றித் தந்திருக்கிறார். பொலிகார்ப் உட்கார்ந்து பேசிய இடம், அவர் உள்ளே வந்ததும் வெளியே போனதும், அவருடைய தோற்றம், யோவானோடும் ஆண்டவரைக் கண்ட மற்றவர்களோடும் பழகியதைப் பற்றி அவர் சொன்னவை எல்லாம் சமீபத்தில் நடந்தவற்றைவிடத் தமக்கு நன்றாக நினைவிருப்பதாக அதில் எழுதுகிறார். பொலிகார்ப் சொன்னவை யாவும் வேதவாக்கியங்களோடு ஒத்திருந்தன என்றும் சேர்க்கிறார். நேரில் கேட்ட சாட்சிக்கே அவர் இந்த அளவைப் பொருத்துவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ஏனெனில் பாரம்பரியம் தவறவும் செய்தது, இரேனியஸிடமே தவறியது. இயேசு ஐம்பது வயதை நெருங்கும்வரை போதித்தார் என்று இரண்டாம் பாகத்தில் எழுதி, ஆசியாவில் யோவானோடு பழகிய மூப்பர்கள் எல்லோரும் இதற்குச் சாட்சி என்கிறார். அப்போஸ்தலர்களுக்கும் அவருக்கும் இடையே ஒரே தலைமுறைதான் இருந்தது. இருந்தும் திருச்சபை இதை ஏற்கவில்லை. ஈஸ்டர் தேதியிலும் இதே நிலைதான். எந்தக் கிழமையில் வந்தாலும் யூதரின் பஸ்கா நாளான நிசான் 14ஆம் நாளையே கொண்டாட வேண்டும் என்று எபேசுவின் பேராயர் பொலிக்கிராத்தஸ் யோவானையும் பிலிப்புவையும் சாட்சியாக அழைத்தார். ரோமாபுரியோ தன் மூதாதையரின் ஞாயிறு வழக்கத்தைக் காட்டியது. ஏறத்தாழ 190இல் ரோமாபுரியின் பேராயர் விக்டர் ஆசியச் சபைகளைத் துண்டிக்க முனைந்தபோது, ஞாயிறைக் கடைப்பிடித்த இரேனியஸே அவருக்கு எழுதி, முன்பு ரோமாபுரியின் பேராயராக இருந்த அனிசெத்தஸும் பொலிகார்ப்பும் இதே விஷயத்தில் உடன்படாமலேயே சமாதானமாகப் பிரிந்ததை நினைவூட்டினார். விசுவாசத்தின் உள்ளடக்கம் வேறு, சபை வழக்கம் வேறு என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

பாரம்பரியம் ஒரு நூலை எடைபோட்ட சம்பவமும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவின் பேராயரான செராப்பியோன், ரோசுஸ் ஊர்ச் சபையார் பேதுருவின் பெயரால் வழங்கிய ஒரு சுவிசேஷத்தை வாசிக்க, முழுதும் பார்க்காமலேயே அனுமதித்தார். பின்னர் ஒரு பிரதியைப் பெற்றுப் படித்தபோது, பெரும்பகுதி சரியாக இருந்தாலும் சில சேர்க்கைகள் இருப்பதைக் கண்டு அனுமதியைத் திரும்பப் பெற்றார். பேதுருவையும் மற்ற அப்போஸ்தலரையும் கிறிஸ்துவைப்போல ஏற்கிறோம், ஆனால் அவர்கள் பெயரில் பொய்யாக எழுதப்பட்டவை நமக்கு ஒப்புவிக்கப்பட்டவை அல்ல என்பதால் தள்ளுகிறோம் என்று எழுதினார். இன்று நாம் வைத்திருக்கும் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிடும், அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுவின் கடிதம் 367இல்தான் வருகிறது. அதுவரை நடந்த தெரிவில் கையளிக்கப்பட்ட விசுவாசத்துக்குப் பங்கில்லை என்று எந்தப் புரோட்டஸ்டன்டும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரிந்துபோன குழுக்களில் ஞானஸ்நானம் பெற்று வருவோருக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா என்ற தகராறில், ஒப்புவிக்கப்பட்டதைத் தவிர புதிதாக எதுவும் வேண்டாம் என்றார் ரோமாபுரியின் பேராயர் ஸ்தேவான். கார்த்தேஜின் பேராயர் சிப்ரியன் 256இல் எழுதிய கடிதத்தில், இந்தப் பாரம்பரியம் எங்கிருந்து வந்தது, ஆண்டவரின் சுவிசேஷத்திலிருந்தா, அப்போஸ்தலரின் நிருபங்களிலிருந்தா என்று கேட்டு, உண்மையில்லாத வழக்கம் பழமையேறிய தவறுதான் என்றார். நம் பக்கத்தில் இந்த வரியை விரும்பி மேற்கோள் காட்டுவோம். ஆனால் அந்த வழக்கில் மேற்குத் திருச்சபை இறுதியில் ஏற்றது ஸ்தேவானின் நடைமுறையைத்தான். நம் சபைகளும் மற்றச் சபைகளில் திரித்துவ நாமத்தில் பெற்ற ஞானஸ்நானத்தை ஏற்கும்போது அதையே பின்பற்றுகின்றன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேதத்தில் இல்லாத போதனைகளின் இரண்டாம் ஊற்றாக இரேனியஸ் பாரம்பரியத்தைக் கருதினார் என்று உங்கள் நண்பர் பொருள்கொண்டால், அதற்கு அந்த நூலில் இடமில்லை. எழுதப்படாத வழக்கங்களைத் தனித்து எடுத்துப் பேசும் போக்கு கார்த்தேஜின் எழுத்தாளர் தெர்த்துல்லியனிடம் தொடங்கி, ஏறத்தாழ 375இல் செசரியாவின் பேராயர் பேசிலிடம் விரிவடைகிறது. அங்கேயும் பேச்சு முக்கியமாக சிலுவை அடையாளம், மூன்று முறை மூழ்குதல், கிழக்கு நோக்கி ஜெபித்தல் போன்ற ஆராதனை முறைகளைப் பற்றியது. சபையின் பொதுவான விசுவாசத்தை விலக்கிவிட்டு, தனி ஆள் வேதத்தைத் திறந்து தானே முடிவு செய்யலாம் என்று இரேனியஸ் கருதியதாக உங்கள் பாஸ்டர் பொருள்கொண்டால், அதற்கும் இடமில்லை. நரி உருவத்தை அடுக்கியவர்கள் செய்தது அதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவராக எருசலேமின் சிரிலைக் காட்டலாம். ஏறத்தாழ 350இல் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோரிடம், நான் சொல்வதையும் வேதத்திலிருந்து நிரூபணம் கிடைக்காவிட்டால் நம்பாதீர்கள் என்றார். அடுத்த உபதேசத்தில் விசுவாசப் பிரமாணத்தை அவர்களுக்குக் கையளித்தபோது, வேதம் முழுவதிலிருந்தும் திரட்டப்பட்ட இந்தச் சில வரிகளைத் தாளில் எழுதாமல் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.