தொடாமலும் உடலுக்குச் சிகிச்சை உண்டு

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் பாலியல் வன்முறைக்கு ஆளானேன். ஆலோசகர் ஒருவரிடம் தொடர்ந்து பேசிவந்ததில் மனம் ஓரளவு தெளிந்திருக்கிறது. ஆனால், யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் இன்னமும் உடல் விறைத்து மூச்சு அடைக்கிறது. உடல்வழிச் சிகிச்சை உதவும் என்கிறார்கள். அதில் என்னைத் தொடுவார்களா? அன்று நான் ஏன் கத்தவில்லை என்ற கேள்வியும் விடாமல் அரிக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தப்ப வழியில்லை என்று மூளை கணிக்கும் நொடியில், நம் விருப்பத்தைக் கேட்காமலேயே உடல் அசைவற்று, குரலற்றுப் போகக்கூடும். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 70 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க அளவில் இப்படி விறைத்துப்போனதாகத் தெரிவித்திருக்கிறார்கள். நீங்கள் கத்தாமல் இருந்தது கோழைத்தனமும் அல்ல, சம்மதமும் அல்ல. எந்தத் தயக்கமுமின்றி இதைச் சொல்கிறேன்.

இன்று தோளில் ஒரு கை பட்டதும் நிகழ்வது, அதே தற்காப்பு மீண்டும் விழித்துக்கொள்வதுதான். தொட்டவர் தோழிதான் என்று அறிவு உணர்வதற்கு முன்பே நரம்பு மண்டலம் ஆபத்து என்று முடிவு செய்துவிடுகிறது. நடந்ததைப் பேசிப் புரிந்துகொண்ட பிறகும் உடல் பழையபடியே நடந்துகொள்வது இதனால்தான். பீட்டர் லெவின் உருவாக்கிய ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’, பாட் ஆக்டன் உருவாக்கிய ‘சென்சரிமோட்டார் சைக்கோதெரபி’, அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கென்றே வகுக்கப்பட்ட யோகா ஆகியவை இந்த இடத்தில்தான் வேலை செய்ய முயல்கின்றன.

இவற்றில் நடந்ததை முழுவதுமாகச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இருப்பதில்லை. பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனிப்பது, தோள் இறுகத் தொடங்குவதை அது முற்றும் முன்பே அடையாளம் காண்பது, பதற்றத்தைச் சிறிதளவு நெருங்கிவிட்டு உடனே நிதானத்துக்குத் திரும்புவது, அன்று தள்ள முடியாத கைகளால் இன்று ஒரு சுவரை அழுத்தித் தள்ளிப் பார்ப்பது என்று பயிற்சி மெதுவாக நகரும். யோகா வகுப்பிலும் ‘கையை உயர்த்துங்கள்’ என்ற கட்டளைக்குப் பதில் ‘விரும்பினால் உயர்த்திப் பாருங்கள்’ என்றே சொல்வார்கள். ஆசிரியர் உங்களைத் தொட்டுத் திருத்தமாட்டார். உங்கள் உடலின் மீது முடிவெடுக்கும் உரிமை அன்று பறிக்கப்பட்டது. அந்த உரிமையை உங்களிடம் திரும்பத் தராத எந்தப் பயிற்சியையும் நான் சிகிச்சை என்று ஏற்கமாட்டேன்.

தொடுதல் இல்லாமலே இந்தச் சிகிச்சையை முழுமையாக மேற்கொள்ளலாம். சிகிச்சையாளர் தொடுதலைப் பயன்படுத்துபவராக இருந்தால், எங்கே, எதற்காக என்று முன்கூட்டியே விளக்கி, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும். நேற்று நீங்கள் தந்த அனுமதி இன்றைக்குச் செல்லாது. ஆடை களையச் சொல்வதற்கோ அந்தரங்க உறுப்புகளைத் தொடுவதற்கோ மனநலச் சிகிச்சையில் இடமே இல்லை. அப்படி யாரேனும் முயன்றால் உடனே வெளியேறிப் புகார் அளியுங்கள். ‘மறந்துபோன நினைவுகளை உடலிலிருந்து தோண்டி எடுத்துத் தருகிறேன்’ என்று வாக்களிப்பவரிடமும் போகாதீர்கள்.

பலன் குறித்து அளவாகவே சொல்ல வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயால் (பி.டி.எஸ்.டி.) நெடுநாள் அவதிப்பட்ட 64 பெண்களைக் கொண்டு நடந்த, 2014-இல் வெளியான ஆய்வில், 10 வார யோகாவுக்குப் பின் அக்குழுவில் 52 சதவீதத்தினர் அந்நோயின் வரையறைக்குள் வரவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் இது 21 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் ஆய்வு சிறியது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும், கண்ணசைவுகளின் துணையோடு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறைக்கும் இதைவிட வலுவான சான்றுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தவையும் அவையே. ஆகவே இப்போதைய ஆலோசகரை விட்டுவிடாமல், அவருக்குத் தெரியப்படுத்தியே உடல்வழிப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடுவதோ மூச்சைக் கவனிப்பதோ சிலருக்குப் பயத்தைக் கூட்டிவிடும். உங்களுக்கும் அப்படியானால் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மனைவி இத்தகைய சிகிச்சையில் இருக்கிறார். வீட்டில் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
ஒரு வாசகர்

பதில்: பின்னாலிருந்து தொடாமல், அவர் பார்வையில் படும்படி வந்து, ‘கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல், முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சிகிச்சை அறையில் என்ன நடந்தது என்று விசாரிக்காதீர்கள். அங்கே கற்றதை வீட்டில் செய்து காட்டச் சொல்லவும் வேண்டாம். அவர் உடல் விறைத்துப்போகும் நேரத்தில் அசைக்கவோ உலுக்கவோ செய்யாமல், சற்றுத் தள்ளி அமர்ந்து, அவர் பெயரையும் இருக்கும் இடத்தையும் தணிந்த குரலில் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை, அவர் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.