எந்தக் காலை முன்னால் வைப்பது? ஃப்ரீஸ்டைல் ஸ்டார்ட் கேள்வி பதில்

பெங்களூரு நீச்சல் குளங்களில் பிள்ளைகளுக்குச் நீச்சல் சொல்லித் தருகிறவன் என்ற உரிமையில், போட்டி தொடங்கும்போது பாய்வதைப் (ஸ்டார்ட்) பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

ஹலசூருவிலிருந்து ஓர் அம்மா: பழைய கோச் இரண்டு காலையும் சேர்த்து வைக்கச் சொன்னார். புது கோச் ஒரு காலைப் பின்னால் வைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி, சார்?

இரண்டு பேருமே தப்பில்லை அம்மா. முதலாவது கிராப் ஸ்டார்ட்: பாயும் மேடையின் (பிளாக்) முன்விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பது. 1960களின் பிற்பகுதியில் வந்தது. அதற்கு முன் கையை வீசித்தான் பாய்வார்கள். இரண்டு காலும் சேர்ந்து உதைப்பதால் பலம் நன்றாகக் கிடைக்கும். ஆனால் பாதி உடம்பு தண்ணீர்ப் பக்கம் தொங்குவதால், 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் ஆடாமல் நிற்பது சிறுவர்களுக்குக் கஷ்டம். சிக்னலுக்கு முன் கிளம்பினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். இரண்டாவது, ஓட்டப்பந்தயக்காரர் மாதிரி நிற்கும் ட்ராக் ஸ்டார்ட். நிலையாக நிற்கலாம், பிளாக்கை விட்டுச் சீக்கிரமும் கிளம்பலாம். புதிதாகக் கற்பவருக்கு நான் இதைத்தான் சொல்லித் தருவேன். ஆனால் மீட்டுக்கு (போட்டிக்கு) இரண்டு வாரம் இருக்கும்போது மாற்றாதீர்கள். எந்தக் கால் முன்னால் என்பதற்கு, இரண்டு விதமாகவும் பத்துப் பத்துத் தடவை பாயவிட்டு 15 மீட்டர் வரை நேரம் பாருங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர்: பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் மீட் நடக்கும் குளத்தில் பிளாக்கின் பின்னால் சாய்வுப் பலகை இருக்கிறதாம். எங்கள் குளத்தில் அது கிடையாது. என்ன செய்வது?

அதுதான் கிக் ஸ்டார்ட். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எல்லோரும் பார்த்தது. பின்கால் வழுக்காமல் கிடைமட்டமாக உதைக்கலாம் என்பதே அதன் லாபம். பலகையை ஐந்து இடங்களில் பொருத்தலாம். வார்ம்-அப்புக்குச் சீக்கிரம் போய், குனிந்து நிற்கும்போது பின் முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தின் எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நிச்சயம் மறந்துபோகும்.

ஜெயநகர் மாணவர்: சிக்னல் கேட்டதும் முதலில் கிளம்புவது நான்தான். ஆனால் மேலே வரும்போது பின்தங்கிவிடுகிறேன் அண்ணா.

தம்பி, கிராப்பா ட்ராக்கா என்ற சண்டையைவிட உன் கேள்விதான் முக்கியம். தண்ணீருக்குள் நுழையும்போது இருக்கிற வேகம், நீ எவ்வளவு நீந்தினாலும் வராத வேகம். அதைச் சிந்தாமல் கொண்டுபோவதுதான் வேலை. கை போன ஓட்டை வழியாகவே தலை, இடுப்பு, கால் எல்லாம் போக வேண்டும். ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்று, மேல்கை இரண்டும் காதுக்குப் பின்னால் இறுக்கமாக. விழுந்த உடனே காலை உதறாதே. ஒரு கணம் அம்பு மாதிரி போ, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் கிக். விதிப்படி 15 மீட்டருக்குள் தலை வெளியே வர வேண்டும். அதற்காக 15 வரை உள்ளேயே கிடக்காதே. நீந்தும் வேகத்துக்கு இறங்கும்போது மேலே வந்துவிடு.

இந்திராநகரிலிருந்து: டைவ் அடித்ததும் கண்ணாடி கழுத்துக்கு வந்துவிடுகிறது!

முன்னால் பார்த்துக்கொண்டே விழுகிறீர்கள். தாடையை உள்ளே இழுங்கள். கண்ணாடியின் பட்டைமேல் தொப்பியைப் போடுங்கள்.

சர்ஜாபூர் சாலையிலிருந்து ஓர் அப்பா: அபார்ட்மென்ட் குளத்தில் என் பையன் டைவ் பயிற்சி செய்யலாமா?

கூடவே கூடாது. பிளாக் இருக்கும் முனையில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி; அதுவும் டைவ் தெரிந்தவர்களுக்கு. ஆழமில்லாத குளத்தில் பாய்ந்து தரையில் தேய்த்த தழும்பு என் தாடையில் இன்னும் இருக்கிறது. கழுத்து தப்பியது அதிர்ஷ்டம். அங்கே சுவரை உதைத்து, கையடிக்காமல் எவ்வளவு தூரம் போகிறான் என்று டைல்ஸை எண்ணச் சொல்லுங்கள். ஜெயநகர் தம்பிக்கும் இதே வீட்டுப்பாடம்தான்.