மழையில்லாமல் சொட்டும் மரங்கள்

அன்புள்ள ஐயா,

மலையகம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கடந்த டிசம்பர் விடுமுறையில் நான், கணவர், பதின்மூன்று வயது மகள், ஏழு வயது மகன், மாமி என்று எல்லோருமாக வான் பிடித்து நுவரெலியாவுக்கு வந்து, அடுத்த நாள் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். உலக முடிவு என்கிற மலை விளிம்பைப் பார்ப்பதுதான் திட்டம். மகள் அதற்காகவே படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள்.

விடிய நாலு மணிக்கு எழும்ப நினைத்தோம், குளிரில் ஏலவில்லை. நடக்கத் தொடங்கவே ஒன்பது மணியாகிவிட்டது. மாமிக்கு மூச்சு வாங்கியது. மகன் ஒவ்வொரு ஓடையிலும் குந்திவிட்டான். காட்டுக்குள் போனால் மரங்கள் தலையில் சொட்டிக்கொண்டே இருந்தன. "அம்மா, மழை பெய்யேல்லை, பிறகேன் மரம் சொட்டுது?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். "பேசாமல் நட" என்று இழுத்துக்கொண்டு போனேன். உலக முடிவில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. காத்திருந்து பார்த்தோம், மூட்டம் விலகவே இல்லை. மகள் அழுதுவிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஆளுக்காள் கோபம்.

ஏப்ரல் விடுமுறையில் மறுபடி போவோம் என்கிறார் கணவர். ஒன்றுமே தெரியாத இடத்துக்கு இன்னொரு தடவை காசு செலவழித்துப் போகத்தான் வேண்டுமா? போவதென்றால் மாமியையும் கூட்டிப் போகலாமா?

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உங்கள் மகன் கேட்ட கேள்வி. முதலில் அவனுக்குப் பதில் சொல்கிறேன். போக வேண்டுமா என்று நீங்கள் கேட்டதற்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் வரை உயரமுள்ள மேட்டுநிலம். அதன் தெற்கு ஓரம் வெட்டிவிட்டதுபோல் சட்டென்று முடிகிறது. அந்த ஓரத்தில் ஓரிடம்தான் உலக முடிவு. ஏறத்தாழ 880 மீட்டர் பள்ளம். காலையில் வெயில் ஏறியதும் தெற்கே தாழ்நிலத்துக் காற்று சூடாகி, ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு எழும்பி, இந்த மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, அது துளித்துளியாகத் திரண்டு முகிலாகிறது. பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் விளிம்பு மூடிவிடுவது இதனால்தான். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆக நீங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றது ஒரு முகிலுக்குள்.

இந்த முகிலின் துளி மிகமிகச் சிறியது. தரையில் விழுகிற அளவுக்குப் பாரம் கிடையாது, காற்று போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். புல்வெளியில் நிற்கும்போது முகத்தை லேசாக ஈரமாக்கிவிட்டுக் கடந்துவிடும். காட்டில் அப்படிக் கடக்க முடியாது. அங்கே மரங்கள் குட்டையானவை, கிளைகள் நெருக்கமாகக் கோணிக்கொண்டு வளர்ந்தவை, இலைகள் சின்னதாய்த் தடிப்பாய் இருக்கும். கிளை தெரியாத அளவுக்குப் பாசியும் பன்னமும் ஓர்க்கிட்டும் ஒட்டியிருக்கும், நரைத்த தாடி மாதிரி லைக்கன் தொங்கும். காற்று இதற்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிச் சொட்டுகின்றன. மழையே பெய்யாத நேரத்தில் வெளியே புல்வெளி சும்மா இருக்க, மரத்தடி மட்டும் நனைவது இப்படித்தான். ஏழு வயதுப் பிள்ளை இதைத் தானாகவே கவனித்திருக்கிறான். அந்த நடைபாதையில் போகிற பெரியவர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

சொட்டிய நீர் கறுப்பு மண்ணுக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கசிந்து ஓடையாக வெளியே வருகிறது. மழை இல்லாத மாதங்களிலும் அங்கே ஓடைகள் ஓடுவதற்கு இந்தச் சொட்டும் ஒரு காரணம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொண்டுபோகும் கிளையாறுகள் இந்த மேட்டில் தொடங்குகின்றன. சமவெளியிலேயே உள்ள பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியில் விழுகிற பெலிஹுல் ஓயா தெற்கே போய் வளவையில் சேர்கிறது. கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவது களனி நீர். மகாவலியையோ நீங்களே கடந்துதான் வந்திருப்பீர்கள். மாத்தளைப் பக்கமாகக் கண்டிக்குள் நுழைந்திருந்தால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே ஓடியது அதுதான். அது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. உங்கள் ஊரில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, எல்லாம் கிணறு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த பிள்ளை ஒவ்வொரு ஓடையிலும் குந்தாமல் வேறென்ன செய்வான்? அடுத்த தடவை அவனைக் குந்த விடுங்கள்.

நீங்கள் திட்டிய மூட்டம்தான் அந்த இடத்தின் வேலை. உலக முடிவுக் காட்சி அழகானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தெரியாததால் ஒன்றுமே தெரியவில்லை என்று ஒரு குடும்பம் கோபத்தோடு வீடு திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காடு தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதற்குள்ளேயே நடந்திருக்கிறீர்கள்.

அந்தக் காடு இன்றைக்கு அங்கே நிற்பதே பெரிய காரியம். எங்கள் மூதாதையர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, நடந்து வந்து கோப்பிக்காகக் காடழித்த காலம் அது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று ஆங்கிலேய அரசுக்கு ஆலோசனை சொன்னார். அதற்கான உத்தரவு 1873இல் வந்தது. நுவரெலியாப் பக்கம் சில இடங்களில் தேயிலை அந்தக் கோட்டுக்கு மேலேயும் ஏறியிருக்கிறது, ஆனால் இந்தக் காடு தப்பிவிட்டது. புல்வெளியில் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு போட்ட காலமும் உண்டு. 1988இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். 2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலையோடும் இந்த 3,160 ஹெக்டேயரும் அதற்குள் வந்தது.

காப்பாற்றியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். காட்டில் பல இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருக்கின்றன. இலையில்லாத வெள்ளைக் கொம்புகளாக நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மண், வறட்சி, காற்றில் வரும் மாசு என்று ஆய்வாளர்கள் பல காரணங்களைத் தேடியிருக்கிறார்கள். பட்ட மரத்தில் இலை இல்லை, முகில் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடும், நிலத்துக்கு இறங்கும் சொட்டு குறைந்துவிடும். எனக்கு உண்மையாகவே பயம் தருவது இதுதான்.

சரி, ஏப்ரலுக்கு வருவோம். கட்டாயம் போங்கள்.

மகளின் அழுகையை லேசாக எடுக்காதீர்கள். அவள் ஆசைப்பட்ட காட்சி நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. பூங்கா வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர், வளைவும் ஏற்றமும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். திறக்கும்போதே அங்கே நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள். நடைபாதை தொடங்கும் இடத்திலிருந்து உலக முடிவுக்கு நாலு கிலோமீட்டர் அளவுதான். கணவரும் மகளும் முன்னால் வேகமாகப் போகட்டும், நீங்கள் மகனோடு ஆறுதலாக வாருங்கள். குடும்பம் என்றால் எல்லோரும் ஒரே வேகத்தில் ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அதனால் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் விளிம்புக்கு வந்ததும் மகனின் கையை விடவே கூடாது. ஈரப் பாறை வழுக்கும்.

வானம் தெளிவாக இருந்தால் நேர் கீழே நொன்பரெல் தேயிலைத் தோட்டம் தெரியும். அதற்கப்பால் தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கம், மிக நல்ல நாளில் தெற்குக் கடற்கரைப் பக்கம்கூட. தோட்டத்து லயங்களை மகளுக்குக் காட்டுங்கள். நம் சனம் அங்கே வாழ்கிறது. படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூரைகளைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

உலக முடிவை முடித்த பிறகு அவசரமே இல்லை. முழுச் சுற்று ஒன்பதரை கிலோமீட்டர், நாள் முழுக்க உங்களுடையது. மூட்டம் வரட்டும், அப்போது மகனைக் காட்டின் ஓரத்துக்குக் கூட்டிப் போங்கள். முதலில் புல்வெளியில் நின்று கையை நீட்டச் சொல்லுங்கள். அப்புறம் பத்து அடி தள்ளி மரத்தின் கீழ் நின்று நீட்டச் சொல்லுங்கள். பாதையை விட்டு இறங்காமலேயே இதைச் செய்யக்கூடிய இடங்கள் நிறைய உண்டு. ஒரு மரத்துப் பாசியை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்கட்டும், நனைந்த துவாய் மாதிரி இருக்கும். பிய்க்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், அது மெல்ல மெல்லத்தான் வளரும்.

கிளைகளை உற்றுப் பார்த்தால் மூக்கில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று அசையாமல் இருப்பதைக் காணலாம். இலங்கை மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர். அங்கே தேவாங்கும் உண்டு. இந்த மலைக்காட்டுத் தேவாங்கு அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள், பிறகு 2010இல் அதன் புகைப்படங்கள் வெளிவந்தன. அது இரவில் மட்டுமே நடமாடுவதால் பகலில் காணக் கிடைக்காது, இருந்தாலும் அந்த மரங்களில் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சிவப்புப் பூப்பூக்கும் முறுக்கிய மரம் ஒன்று புல்வெளியில் தனித்தனியாக நிற்கும். சிங்களத்தில் மகா ரத்மல் என்பார்கள். அதே இனம் நீலகிரியிலும் வளர்கிறது, அங்கே காட்டுப்பூவரசு என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் ஊட்டிப் பக்கம் பார்த்திருப்பீர்கள். புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி வருகிற அந்த நில அமைப்பும் இரண்டு பக்கமும் ஒன்றேதான்.

வாகனம் நிறுத்துகிற இடத்தில் மரைகள் என்கிற பெரிய மான்கள் கிட்ட வந்து நிற்கும். அருகில் போய்ப் படம் எடுக்கவும் பிஸ்கட் கொடுக்கவும் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். தயவுசெய்து நீங்கள் கொடுக்காதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் கொடுக்க விடாதீர்கள். அது காட்டு விலங்கு. இரவில் அந்தப் புல்வெளியில் சிறுத்தை அதைத் தேடி வரும். மனிதரைப் பார்த்துப் பயப்படாத, பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிற மரை ஒன்றை உண்டாக்குவது அன்பு இல்லை. வாயிலில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டை வீட்டிலேயே டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் அந்த நேரமும் மிச்சம்.

மாமி விஷயம். அந்த உயரத்தில் சுகமான ஒருவருக்கு ஆபத்து என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் கடல் மட்டத்தில் வாழ்ந்தவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். இரத்த அழுத்தமோ இருதய நோயோ இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இல்லையென்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள், முழுச் சுற்றுக்கு மட்டும் இழுக்க வேண்டாம். தொடக்கத்தில் புல்வெளிக்கு நடுவே போகும் பாதை பெரும்பாலும் சமதரை. அதில் முதல் ஓடை வரைக்கும் நடந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வரலாம். மழையில்லாமல் சொட்டும் மரம் அவருக்கும் வழியிலேயே கிடைக்கும். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் செங்குத்து, கல்லும் வேருமாய் இருக்கும், முழங்கால் தாங்காது. அந்தப் பகுதிக்கு நீங்களும் பிள்ளைகளும் போய் வாருங்கள். கணவர் மாமியோடு இருக்கட்டும், அதற்குள் அவர் உலக முடிவைப் பார்த்துவிட்டிருப்பார்.

ஏப்ரலில் காலை வேளைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை வரும், அதற்குள் வாயிலுக்குத் திரும்பிவிடுங்கள். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மட்டும் வர வேண்டாம். நுவரெலியா முழுக்க நாடே வந்து நிற்கும், வீதியில் வாகனம் அசையாது. புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, வார நாளாகப் பார்த்து வாருங்கள். அறையை நுவரெலியாவுக்குப் பதில் பட்டிப்பொலப் பக்கம் தேடிப் பாருங்கள். அங்கிருந்து வாயில் கிட்ட, மாமியும் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம்.

அன்புடன்