கடல் உப்புநீரில் உலோகம்: கேள்வியும் பதிலும்

கடல்நீரைக் குடிநீராக்கியபின் மிஞ்சும் உப்புநீரிலிருந்து உலோகம் எடுப்பது பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன், கேப்டவுன் பக்கத்து நம்மவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர், தங்க ஆலையொன்றின் கார்பன் பிரிவில் வேலை பார்த்த உலோகவியலாளர்.

அக்கா, கடலில் தங்கம் இருக்கிறதாமே, எடுக்க முடியாதா? (சாட்ஸ்வொர்த்)

இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராமில் சுமார் 10,000 கோடியில் ஒரு பங்கு. அம்மோனியாவுக்காக நோபல் வாங்கிய ஃப்ரிட்ஸ் ஹேபரே 1920களில் ஜெர்மனியின் போர் இழப்பீட்டை இப்படி அடைக்கலாம் என்று கிளம்பி, நினைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று கண்டு விட்டுவிட்டார். நாளுக்கு 2.5 கோடி லிட்டர் கடல்நீர் இழுக்கும் ஆலையில் ஒரு துளி சிந்தாமல் பிடித்தாலும், ஒரு பவுன் சேர 80 வருடத்துக்கு மேல் ஆகும். கல்யாணத்துக்கு உதவாது.

நம் சுரங்கங்களில் சிரட்டைக் கரியில்தான் தங்கத்தைப் பிடிக்கிறார்கள். அதே கரியில் லித்தியம் ஒட்டாதா? (பீனிக்ஸ், கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி. தேங்காய்ச் சிரட்டைக் கரி கெட்டியானது, உள்ளே நுண்துளைகள் ஏராளம். சயனைடோடு சேர்ந்த தங்கம் அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கையில் எடுத்தால் ஓரிரு மில்லிமீட்டர் கறுப்புக் குருணை. தங்கம் ஏறியதும் ஏறாததும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான். கரியைத் தொட்டியில் தடுத்து நிறுத்தும் சல்லடை தேய்ந்து ஓட்டை விழுந்தால், தங்கத்தோடு சேர்ந்து கரியும் கழிவுக் குளத்துக்குப் போய்விடும். ஷிஃப்டில் எங்களுக்குப் பெரிய பயமே அதுதான்.

லித்தியம் அந்தக் கரியைச் சட்டை செய்யாது. அது தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு திரியும் சின்ன அயனி, அதாவது மின்னேற்றம் பெற்ற அணு. அதற்கென அளவெடுத்த ஓட்டைகள் உள்ள மாங்கனீசு ஆக்சைடோ டைட்டானியம் ஆக்சைடோ வேண்டும். லிட்டரில் லித்தியம் 0.17 மில்லிகிராம், சோடியம் சுமார் 10,800. எண்ணிக்கையில் சுமார் பத்தொன்பதாயிரம் சோடியம் அயனிகளைத் தள்ளிவிட்டு ஒரே ஒரு லித்தியம் அயனியை உள்ளே விட வேண்டும் என்றால் பாருங்கள். அதையும் செய்கிறார்கள். ஆனால் பிடித்ததை விடுவிக்க அமிலம் ஊற்றணும். ஒவ்வொரு முறையும் மாங்கனீசு கொஞ்சம் கரைந்து போகும். ஒட்ட வைப்பதைவிட பிரித்தெடுப்பதில்தான் காசு கரைகிறது. தங்கக் கரியிலும் அதே கதை: சூடான காரத்தில் கழுவி, அமிலத்தில் சுண்ணாம்புப் படிவை நீக்கி, சூளையில் வறுத்து மறுபடி தொட்டிக்கு அனுப்பணும்.

2018 வறட்சியில் ஸ்ட்ராண்ட்ஃபொன்டைனில் வைத்த கடல்நீர்க் குடிநீர் ஆலையின் உப்புநீரைக் கடலிலேயே விட்டது வீணா? (கேப்டவுன்)

பெரிய வீண் இல்லை. நாளுக்கு 1 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை என்று வையுங்கள். அதற்குச் சுமார் 2.5 கோடி லிட்டர் கடல்நீர் வேண்டும். அதிலுள்ள லித்தியம் நாலு கிலோ சொச்சம், முழுசாகப் பிடித்தால். மக்னீசியமோ 32 டன்! ஆனால் மக்னீசியத்தை இப்படிக் கரியிலோ ஆக்சைடிலோ ஒட்டவைத்துப் பிடிப்பது எதற்கு? சுண்ணாம்பு போட்டால் அடியில் படியும். டவ் கம்பெனி டெக்சாசில் 1941-இலேயே கடலிலிருந்து எடுத்தது.

உப்புநீரில் ஒரு நன்மை உண்டு: பம்பு செலவும் வடிகட்டும் செலவும் குடிநீர்க் கணக்கில் போய்விட்டன. செறிவும் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகியிருக்கும். அவ்வளவே.

யுரேனியம்?

லிட்டருக்கு 3.3 மைக்ரோகிராம். யுரேனியத்தைப் பிடிக்கும் அமிடாக்சிம் என்ற வேதிப்பொருள் ஏற்றிய நார்களை ஜப்பானியர் கடலில் மிதக்கவிட்டு எடுத்துக் காட்டினார்கள். அதே நாரில் வனேடியம் என்ற உலோகமும் வந்து இடம் பிடிக்கும், பாசியும் பிடிக்கும். வெதுவெதுப்பான டர்பன் கடலில் பாசி இன்னும் சீக்கிரம் வரும்.

தங்கச்சி, கடல் லித்தியத்தில் பணம் போடச் சொல்லி ஒரு பையன் வருகிறான். போடலாமா? (டோங்காட், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

அண்ணே, நான் போட மாட்டேன். சிலியின் அட்டகாமா உப்பு ஏரியில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் லித்தியம் கிடக்கும்போது 0.17-ஐத் தேடுவானேன்? அவன் விடாமல் பேசினால் இதைக் கேளுங்கள்: சோதித்தது நிஜக் கடல்நீரிலா, ஆய்வகத்தில் கலக்கிய லித்தியம் கரைசலிலா? பிடித்து விடுவிக்கும் எத்தனை சுற்றுக்குப் பிறகும் அந்த ஆக்சைடுத் தூள் பாதிக்குமேல் லித்தியத்தைப் பிடிக்கிறது? கிலோ லித்தியத்துக்கு அமிலம் எத்தனை கிலோ? காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.