ஆனைப்புளிக் கன்று இலை கொட்டினால் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு ஆனைப்புளி (பாவோபாப்) கன்று நட்டு இரண்டு வருடம் ஆகிறது. தை பிறந்ததும் இலை முழுக்கக் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது. விற்ற நர்சரிக்காரர், "தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுங்கள், வேர் வளர மருந்தும் தருகிறேன்" என்கிறார். கன்று பிழைக்குமா? ஐந்து வருடத்தில் காய்க்கும் என்றாரே, உண்மையா?

பதில்: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

இலை கொட்டுவது இந்த மரத்தின் பிறவிக் குணம். செனகலில் தொடங்கி சூடான், கென்யா வழியாகத் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ வரை, மழை குறைந்த, மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் புல்வெளிகள்தான் இதன் சொந்த ஊர். அங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மொட்டையாகத்தான் நிற்கும். இலை வழியே நீர் வீணாகாமல் இருக்க, வறட்சி தொடங்கியதும் உதிர்த்துவிடும். அடிமரத்தில் சேர்த்துவைத்த நீரைக் கொண்டு, அடுத்த மழைக்குச் சற்று முன்பே துளிர்க்கும். உங்கள் பக்கம் மழை மார்கழியோடு ஓய்கிறது. தையில் இலை கொட்டியது சரியான கணக்கு.

சந்தேகம் இருந்தால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மேல்தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பிறகு அடிமண்ணை விலக்கி வேரை அழுத்திப் பாருங்கள். இளங்கன்றுக்கு முள்ளங்கி போல் பருத்த ஆணிவேர் இருக்கும். கெட்டியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். கொழகொழவென்று நாற்றமடித்தால் அழுகல். அநேகமாக அந்த இரண்டு வேளைத் தண்ணீர் செய்த வேலை.

எனக்கு இதைவிடப் பெரிய பயம், உங்களிடம் இருப்பது ஆனைப்புளிதானா என்பது. இலவம் கன்றை இந்தப் பெயரில் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் விரல் விரித்த கை போன்ற இலை, இரண்டும் இலை உதிர்க்கும். ஆனால் இலவத்தின் இளந்தண்டில் பெரும்பாலும் கூம்பு முட்கள் இருக்கும். ஆனைப்புளிக்கு முள்ளே கிடையாது. இன்னொரு கூத்து: அசல் ஆனைப்புளி சின்ன வயதில் ஒற்றை இலைதான் விடும், விரல்கள் பிறகுதான் பிரியும். இது தெரியாமல் அசலை ஒதுக்கிவிட்டு, இலை விரிந்த இலவத்தைக் காசு கொடுத்து வாங்கிவருகிறார்கள். பையில் ஒட்டிய பெயர்ச்சீட்டை இங்கே யார் சோதிக்கிறார்கள்? புகார் என்று போனால் மேசைக்கு மேசை அனுப்புவார்கள். மரம் தன் சாதியைக் காட்டும் காலத்தில் விற்றவரின் போன் நம்பர் மாறியிருக்கும்.

ஐந்து வருடக் கதைக்கு வருவோம். விதைக் கன்று பூக்கவே மேற்கு ஆப்பிரிக்காவில் சுமார் 15, 20 வருடம் ஆகும். தெற்கில் இன்னும் அதிகம். பூ அந்தி நேரத்தில் விரிந்து மறுநாள் வாடிவிடும், ஆப்பிரிக்காவில் பல இடங்களில் பழந்தின்னி வௌவால்தான் மகரந்தம் கொண்டுபோகும். தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய் பிடிப்பதும் அரிது. ஒற்றை மரத்தை நம்பிப் பானையைத் தயார் செய்யாதீர்கள்.

ஒட்டுக் கன்று மட்டும் விலக்கு. மாலி போன்ற நாடுகளில் ஒட்டுக் கட்டிய மரங்கள் சில வருடங்களிலேயே காய்த்திருக்கின்றன, அது உண்மை. ஆனால் ஒட்டுக்குச்சியை ஏற்கெனவே காய்க்கும் மரத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். ஒரு கன்றின் நுனியை வெட்டி இன்னொரு கன்றில் கட்டினாலும் ஒட்டுத் தழும்பு அதேபோலத்தான் தெரியும், விலையும் ஒட்டுக் கன்று விலைதான் கேட்பார்கள். காய்ப்பதோ விதைக் கன்று காய்க்கும் வயதில்தான். ஆகவே தழும்பைக் காட்டினால் போதாது. தாய்மரம் எங்கே நிற்கிறது, காயோடு காட்டு என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அதை விதைக் கன்றாகவே நினைத்து விலை பேசுங்கள்.

"பெரிய மரத்தையே பெயர்த்துத் தருகிறேன், ஆயிரம் வருட மரம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இதன் வளையங்களை நம்பி வயது எண்ண முடியாது. வறட்சியில் அடிமரம் சுருங்குவதால் சுற்றளவும் ஏமாற்றும். கட்டையில் உள்ள கரிமத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து வயது கணிக்கும் கரிமக் காலக்கணிப்பு செய்தால்தான் ஓரளவு தெரியும். கென்யாவின் கிலிஃபியில் விவசாயிகளிடம் வாங்கிய முதிய மரங்களை ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்ப வேரோடு பெயர்த்தார்கள். அனுமதி முறையானதா என்று விசாரிக்க 2022 நவம்பரில் அதிபர் ரூட்டோவே உத்தரவிட வேண்டியிருந்தது. அதிபர் பேசினால்தான் கோப்பு நகரும் என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

உங்கள் கன்றுக்குத் துளிர் வரும்வரை மண் காய்ந்தே கிடக்கட்டும். துளிர்த்த பிறகு, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர். அடியில் தேங்கக் கூடாது. வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நட்டிருந்தால் இப்போதே, இலை இல்லாத காலத்திலேயே, ஆணிவேர் அறாமல் இடம் மாற்றுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இந்தத் துளிர் மிகவும் பிடிக்கும். ஆப்பிரிக்காவிலேயே பல கன்றுகள் மரமாகாமல் போவது மேய்ச்சலால்தான். வேர் மருந்துக்குக் கேட்கும் காசில் சுற்றிலும் ஒரு முள்வேலி போட்டுவிடுங்கள்.