நானே எழுதின குழந்தைக் கதையைப் புத்தகம், நாடகம், படம்னு மூணாவும் கொண்டு வரணும்னா எதுல தொடங்கணும்?

கதை கையில ரெடியா இருக்கு, முதல்ல புத்தகமா போடவா, ஸ்டேஜ்ல ஏத்தவா, இல்ல நேரா அனிமேஷன் பண்றவங்களைப் போய்ப் பாக்கவா, இடையில யாராவது கதையைச் சுட்டுட்டா என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. கதை ரொம்ப நாளா நோட்டுலயே கிடக்கு, வீட்டுல யாரோ "இதெல்லாம் சோறு போடுமா"ன்னு கேட்டுட்டாங்க, அந்தக் கடுப்புல ராத்திரி உக்காந்து டைப் பண்ணினதுதானே இந்தக் கேள்வி? இல்லன்னா மன்னிச்சுக்கோங்க, எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

என் பதில்: முதல்ல பிள்ளைகளுக்கு முன்னால நடிச்சுக் காட்டுங்க. அப்புறம் புத்தகம். படம் கடைசி.

எழுத்தாள நண்பர்கள் "புத்தகம்தான் மூலம், மத்தது எல்லாம் தழுவல்"னு சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், வாங்க. நான் பெரிய ஆள்னு சொல்லல, கன்னியாகுமரி மாவட்டத்துல திருவட்டார் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவ்வளவுதான். ஆனா எனக்க கதை ஒண்ணு நாடகமாச்சு, புத்தகமாச்சு, படம் பாதியில நிக்கி. அந்த ஒரு தகுதியில சொல்லுதேன்.

கதை இதுதான். எங்க ஊருல மாத்தூர் தொட்டிப்பாலம்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. 1966-ல கட்டினது. ஒரு மலையில இருந்து எதிர் மலைக்குப் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணியை 28 தூணுக்கு மேல தொட்டி கட்டிக் கொண்டு போறாங்க, கீழ பறளியாறு ஓடுது, நடுவுல 115 அடி. ஒரு தண்ணிக்கு மேல இன்னொரு தண்ணி. டூரிஸ்ட் எல்லாம் நடுப்பாலத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போவாங்க, எனக்குத் தோணினது என்னன்னா, மேல தொட்டியில ஒரு கெண்டைக்குஞ்சு இருக்கு, கீழ ஆத்துல ஒரு கெளுத்தி இருக்கு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்ததே இல்ல, பேசணும்னா எப்படிப் பேசும்? அதுக்குத் தபால்காரனா ஒரு மீன்கொத்தியைப் போட்டேன்.

எழுதும்போது எனக்குப் பிரமாதமா இருந்துது. மூணாம் கிளாஸ், நாலாம் கிளாஸ் பிள்ளைகளை உக்கார வச்சு வாசிச்சேன். பாதியில ஒருத்தி எந்திச்சு, "சார், அந்த மீன்கொத்தி ஏன் சார் ரெண்டையும் இன்னும் தின்னல?"ன்னா.

பெரியவங்க நாலு பேரு அதுக்கு முன்னாடியே படிச்சாங்க, "மொழி நல்லாருக்கு", "படிமம் நல்லாருக்கு"ன்னு சொன்னாங்க, ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி வரல பாருங்க. அந்தக் கேள்வியிலதான் கதையே பிறந்துது. மீன்கொத்திக்குத் தின்ன ஆசைதான். ஆனா ஒண்ணைத் தின்னுட்டா இன்னொண்ணுக்குக் கொண்டு போய்ச் சொல்ல வம்பு இருக்காதே! ஊர்வம்புக்கு அடிமையான பறவை அது. நாளைக்குத் தின்னுக்கலாம், நாளைக்குத் தின்னுக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டே இருக்கும். அப்புறம் எங்க ஊருல பிப்ரவரி கடைசியோட அணையை அடைச்சிருவாங்க, ஜூன்ல தான் திறப்பு. கால்வாய் வத்திப் போச்சுன்னா கெண்டைக்கு என்ன கதி? கீழ கொண்டு போணும். யாரு கொண்டு போவா? மீன்கொத்தி, அதுக்க வாயில வச்சு, 115 அடி, முழுங்காம!

இது என் மூளையில உதிச்சதுன்னு நான் சொல்லிக்க மாட்டேன், அந்தப் பிள்ளை கேட்டது. அதனாலதான் சொல்லுதேன், அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஸ்டேஜ். அச்சான பிறகு பிள்ளை கேட்டா அடுத்த பதிப்புக்குத்தான் பதில் சொல்ல முடியும், அடுத்த பதிப்பு எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்டேஜ்னா உடனே செட்டு, லைட்டு, மைக்குன்னு பயப்படாதீங்க. எங்க மாவட்டத்துல இன்னமும் தோல்பாவைக்கூத்து இருக்கு, ஒரு வெள்ளைத் துணி, பின்னால ஒரு விளக்கு, ஒரே ஆளு ராமனும் பேசுவாரு ராவணனும் பேசுவாரு, நடுவுல உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்க்கதை பேசிக் கலகலப்பாக்குவாங்க. அந்தக் கூத்து ஆடுற ஒருத்தரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு என் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "சாரே, கெண்டை நெனச்சுது, கெளுத்தி நெனச்சுதுன்னு எழுதி வச்சிருக்கியளே, நெனைக்கிறதைத் துணியில எப்படிக் காட்ட? பேசணும்லா?"ன்னாரு. அதுக்கு அப்புறம் 'நினைத்தது'ன்னு வர்ற எல்லா இடத்தையும் அடிச்சேன். நினைப்பை ஒண்ணு யார்கிட்டயாவது சொல்லணும், இல்லன்னா செஞ்சு காட்டணும். கெண்டை பயந்துதுன்னு சொல்லக் கூடாது, தொட்டிச் சுவரோட ஒட்டிக்கிட்டே போகணும், அதுபோதும் பிள்ளைகளுக்கு.

தோலுக்குப் பதிலா நாங்க பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல பொம்மை வெட்டினோம். பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில ஊறப் போட்டா மேல இருக்க கறுப்பு போயிரும் (இது பெரியவங்க செய்யணும், கையுறை போட்டுக்கோங்க), அதுல கண்ணாடிப் பெயின்ட் அடிச்சு, ஈர்க்குச்சி ஒட்டி, வேட்டிக்குப் பின்னால பல்பு. வேட்டியை நெட்டுக்குக் கட்டினோம், மேல கால்வாய், கீழ ஆறு. இருபது நிமிஷத்துக்குள்ள முடிச்சிரணும், அதுக்கு மேல போனா முன்வரிசை அசைய ஆரம்பிச்சிரும், எங்க அசையுதோ அங்க குறிச்சுக்கோங்க. பின்னால எடிட்டர் சொல்றதை விட அந்தக் குறிப்பு உதவும்.

ஆண்டு விழாவுல இதைப் போடக் கேட்டப்ப ஏழு நிமிஷம் தான் தருவோம்னாங்க. சினிமாப் பாட்டு டான்ஸுக்கு மட்டும் மாஸ்டர் வச்சு, வாடகை டிரஸ் எடுத்து, வரிசையா எத்தனை வேணும்னாலும் ஆடலாம். கவிமணி பிறந்த தேரூர் இருக்க மாவட்டம் இது, குழந்தைப் பாட்டுன்னா தமிழ்நாடே திரும்பிப் பாத்த இடம். சரி விடுங்க, அந்த வயித்தெரிச்சல் எதுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாஸ்ரூம்லயே போட்டோம், கூட்டிட்டுப் போக வந்த அம்மாக்களும் நின்னு பாத்தாங்க.

இனி புத்தகம். படக்கதைப் புத்தகம்னா 32 பக்கம்னு ஒரு கணக்கு உண்டு, அது யாரோ ராசி பாத்து வச்சதில்ல, அச்சுல பெரிய தாள் மடிஞ்சு வரும்போது 16 பக்கம் ஒரு ஃபாரம், ரெண்டு ஃபாரம் 32. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் போக உங்களுக்குக் கதைக்குக் கிடைக்கிறது பதிமூணு பதினாலு விரிபக்கம்தான் (புத்தகத்தைத் திறந்தா ஒண்ணா தெரியுற ரெண்டு பக்கம்). எட்டு ஏ4 தாளை நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகுங்க, 32 பக்கம் ஆயிரும், அதுல பென்சில்ல கிறுக்கிப் பாருங்க. பக்கம் புரட்டுற இடம்தான் புத்தகத்துக்குத் திரைச்சீலை. மீன்கொத்தி வாயைத் திறக்குறது புரட்டுறதுக்கு முன்னால, என்ன ஆச்சுங்கிறது புரட்டின பிறகு. நாடகத்துல இருபது நிமிஷம் பேசின வசனத்துல முக்காவாசியைப் புத்தகத்துல தூக்கிட்டேன், ஏன்னா படம் இருக்கு. கெண்டை பச்சை வாலுன்னு எழுதவே வேண்டாம், பச்சையா வரைஞ்சா போச்சு. நம்மாளுக படத்துல இருக்குறதையே எழுத்துலயும் எழுதி வைப்பாங்க, பிள்ளைக்கு அது போரடிக்கும்.

என் புத்தகம் காலண்டர் மாதிரி மேல்பக்கமா திறக்கும், உயரம் தெரியணும்லா. பிரஸ்காரர் "இது கடையில ஷெல்ஃப்ல நிக்காது சார்"னாரு. நிக்கலன்னா படுத்துக் கிடக்கட்டும்னேன். இதுல என் பிடிவாதம் கொஞ்சம் ஓவர்னு நினைக்கிறவங்க நினைச்சுக்கோங்க. ஐஎஸ்பிஎன்னு புத்தகத்துக்கு ஒரு அடையாள நம்பர் உண்டு, அதுக்குக் காசு கேட்டா குடுக்காதீங்க, நம்ம நாட்டுல அரசாங்கமே இலவசமா குடுக்குது.

படம் வரைஞ்ச தம்பி வெளியூரு, முதல்ல அனுப்பின படத்துல தொட்டிப்பாலம் ரயில் பாலம் மாதிரி இருந்துது. நேர்ல வந்து பாருடேன்னு கூப்பிட்டேன். அவன் வந்த அன்னைக்கு மார்த்தாண்டத்துல இருந்து வர்ற வழியில கல்லு லாரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டு பஸ்ஸு ஊர்ந்து வந்துது. இதைச் சொல்லாம இருக்க முடியல, எங்க மலையை எல்லாம் உடைச்சு ராத்திரி பகலா லாரியில கேரளாவுக்குக் கொண்டு போறாங்க, ரோடு குண்டும் குழியுமா, பிள்ளைக சைக்கிள்ல போக முடியல, தூசி. கேட்டா பர்மிட் இருக்குன்னு ஒரு தாளைக் காட்டுறாங்க. கால்வாயைத் தாங்குறதுக்கு ரெண்டு பக்கமும் மலை வேணும்னு கூடத் தெரியாதா இவங்களுக்கு? கேள்விக்குச் சம்பந்தம் இல்லன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். தம்பி பாத்துட்டுப் போய் வரைஞ்ச படம் நல்லா வந்துது.

இனி சினிமா. இங்கதான் எல்லாரும் முதல்ல ஓடுறீங்க. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை ரெண்டு ஃபிரேமுக்கு வச்சாலும் நொடிக்கு 12 படம், ஏழு நிமிஷப் படம்னா 420 நொடி, அஞ்சாயிரத்துக்கு மேல படம். கதை கெட்டியா இல்லாம அதுல கை வைக்கிறது அஸ்திவாரம் போடாம மாடி எழுப்புறதுதான். ஸ்கிரிப்ட் தோராயமா ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம், கண்ணுக்குத் தெரியறதும் காதுக்குக் கேக்குறதும் மட்டும்தான் அதுல இருக்கணும். நாடகத்துல மீன்கொத்தி மேலயும் கீழயும் போகும்போது பேசிக்கிட்டே போச்சு, ஏன்னா துணி முன்னால சும்மா இருக்க முடியாது. படத்துல அது வாயில மீனை வச்சுக்கிட்டு இறங்குற இடத்துல ஒரு வசனமும் இல்ல, வாயைத் திறந்தா மீன் விழுந்திரும்லா! காத்துச் சத்தம் மட்டும். நாடகத்தை அப்படியே கேமரா வச்சுப் பிடிச்சா இது கிடைக்காது. இப்ப நாகர்கோவில்ல காலேஜ் படிக்கிற பையன்க ரெண்டு பேரு ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சி காட்சியா வரைஞ்ச படங்களை, வரிசையா ஓட்டி குரல் சேர்த்து ஒரு அனிமேட்டிக் பண்ணி வச்சிருக்காங்க, அதோட நிக்கி. காசு இல்ல. குழந்தைப் படத்துக்குன்னே அரசாங்கம் 1955-ல தொடங்கின குழந்தைத் திரைப்படச் சங்கத்தையும் 2022-ல என்எஃப்டிசியோட (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) சேத்தாச்சு, குழந்தைப் படத்துக்குன்னு தனிக் கதவு தேடிப் போறவங்க அதை ஓர்மையில வச்சுக்கோங்க.

திருட்டு விஷயம். ஒரு வீடியோ சேனல்காரங்க எங்கிட்ட வந்தாங்க, சின்னத் தொகை, ஒரே பக்கப் பேப்பர், "எல்லா வடிவங்களிலும் எல்லா உரிமைகளும் நிரந்தரமாக"ன்னு ஒரு வரி. நான் கையெழுத்துப் போடல. "சார், எக்ஸ்போஷர் கிடைக்கும்"னாங்க. எனக்கு எதுக்குப்பா, மீன்கொத்திக்குக் குடுன்னு அனுப்பிட்டேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதித்தான் குடுக்கணும், வாய்ப்பேச்சு செல்லாது. எந்த உரிமை, எத்தனை காலம், எந்த இடம், எவ்வளவு ராயல்டின்னு அதுல இருக்கணும். காலம் எழுதலன்னா 5 வருஷம், இடம் எழுதலன்னா இந்தியா மட்டும்னு எடுத்துக்குவாங்க. வாங்கினவங்க ஒரு வருஷம் சும்மா வச்சிருந்தா, பேப்பர்ல வேற மாதிரி எழுதலன்னா, உரிமை திரும்ப உங்களுக்கே. அந்த 'வேற மாதிரி' வரியைத்தான் பொடி எழுத்துல போடுவாங்க, பாத்துக்கோங்க. புத்தகத்துக்கு ஒரு பேப்பர், நாடகத்துக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணு. வரைஞ்சவரோடயும் எழுதிக்கோங்க, அவர் வரைஞ்ச கெண்டையைப் பொம்மையாவோ அனிமேஷனாவோ பயன்படுத்தலாமா, அதுக்கு என்ன தரணும்னு. நான் வக்கீல் இல்ல, பெரிய தொகைன்னா வக்கீல்கிட்ட காட்டுங்க.

ரிஜிஸ்டர் பண்ணுறது கட்டாயம் இல்ல, எழுதின நிமிஷத்துலயே உரிமை உங்களுக்கு வந்திரும், ஆனா 500 ரூபாய்க்கு ஒரு சாட்சி கிடைக்குது, பண்ணிருங்க. அதுக்காக நோட்டைப் பூட்டி வைக்காதீங்க. வெறும் ஐடியாவுக்குச் சட்டத்துல பாதுகாப்பு கிடையாது. ஆர்.ஜி.ஆனந்த்னு டெல்லி நாடகக்காரர், தன் நாடகத்தைப் படமா எடுத்துட்டாங்கன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாரு, 1978-ல தோத்துட்டாரு. கரு ஒண்ணா இருந்தாலும் சொன்ன விதம் வேறன்னுட்டாங்க. அதனால ரெண்டு தண்ணி, ரெண்டு மீனுன்னு யாரு வேணும்னாலும் எழுதட்டும், நான் ஒண்ணும் கேக்க முடியாது, கேக்கவும் மாட்டேன். அந்த வம்புக்கார மீன்கொத்தியை அதுக்க வசனத்தோட தூக்கினா மட்டும் வருவேன்.